165/80 ஆர்14 – டயர் விலாவில் ஒரு சரித்திரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். இங்கே பூனாவில் ஹிஞ்சவடிப் பக்கம் வேலை. சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சேர்த்த காசில் பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கியிருக்கிறான், 2016 மாடல்.

"மாமா, வண்டிக்கு அலாய் வீல் போடப் போறேன். 17 இஞ்ச். கடைக்காரர் எல்லாம் சொல்லிட்டார். கிரெடிட் கார்டுல பன்னெண்டு மாசத் தவணை. நீங்க பேங்க்லதான இருக்கீங்க, வட்டி சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வட்டியைப் பார்த்தேன். கடையில் கொடுத்த கொட்டேஷனில் அதற்கு மேலே ஒரு வரி: 205/45 ஆர்17 84வி. கீழே போய் வண்டியைப் பார்த்தேன். இப்போது இருக்கும் டயரில் 165/80 ஆர்14 85டி என்று இருந்தது.

"இது என்னல கணக்கு மாப்ளே?"

"அது ஏதோ சைஸ் மாமா."

பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எண் ஒன்றைப் பார்த்தால் அதற்குப் பின்னால் வவுச்சர் இருக்கிறதா என்று தேடுவேன். "ரெண்டு வாரம் பொறு" என்று பையனை அனுப்பிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். கார் விஷயத்தில் அடியேன் ஞான சூனியம். ஸ்டெப்னி மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிற ஜாதி.

படித்து முடித்தபோது தெரிந்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் வவுச்சர் இருக்கிறது. யாரோ எங்கோ ஒரு தப்பு செய்து, அதற்கு விலை கொடுத்து, அதன் பிறகு டயரில் ஏறிய எண்கள் இவை. முதல் முறையாகச் சக்கரம் மாற்ற நினைப்பவர்கள் டிசைன் புத்தகத்தைப் பார்க்கும் முன் இந்தக் கதையைப் படித்தால் நல்லது.

காற்றை அடைத்தவர்கள்

முதலில் ரப்பர். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் நேராது என்பதை 1839-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். 1844-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் 1860-ல் இறக்கும்போது கடன்காரராகவே இறந்தார். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி 1898-ல் வேறொருவர் தொடங்கியது. அவர் குடும்பத்துக்கு அதில் சம்பந்தம் இல்லை.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதல் காப்புரிமை 1845-ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு. ரப்பர் பூசிய துணிக் குழாய், மேலே தோல் உறை. குதிரை வண்டிக்குப் போட்டுக் காட்டினார். மோட்டார் காரே இல்லாத காலம், ரப்பரோ விலை அதிகம். யாரும் சீந்தவில்லை. நாற்பது வருஷம் கழித்து, பெல்ஃபாஸ்டில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்குகிறதே என்று 1887-ல் அதே யோசனையைத் தானாகவே கண்டுபிடித்தார். 1888-ல் வாங்கிய காப்புரிமை, தாம்சனுடைய பழைய காகிதம் வெளியே வந்ததும் செல்லாமல் போனது. ஆனாலும் சைக்கிள் உலகம் முழுக்கக் காற்று டயர் பரவிவிட்டது.

காருக்கு வந்தது 1895-ல். பிரான்ஸில் மிஷலின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டினார்கள். சுமார் 1200 கிலோமீட்டர், அதாவது பூனாவிலிருந்து சென்னை தூரம். வழியெல்லாம் பஞ்சர். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் காற்றின் மேல் கார் ஓடும் என்பது நிரூபணமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. சைக்கிளுக்கும் காருக்கும் டயர் வேண்டுமென்றால் ரப்பர் வேண்டும். முதலில் அது அமேசான், காங்கோ காடுகளிலிருந்து வந்தது. பெல்ஜியம் அரசர் லியோபோல்டின் ஆட்சியில் காங்கோ மக்கள் ரப்பருக்காகப் பட்ட கொடுமை தனிக் கதை. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் பால்மரக் காடுகள் பெருகியபோது, பால்மரம் சீவக் கங்காணிகள் கூட்டிப்போனது நம் ஆட்களைத்தான். இந்திய அரசு 1938-ல் தடை செய்யும் வரை கப்பல் கப்பலாகப் போனார்கள். "மலேயா போன தாத்தா" இல்லாத தெரு எங்கள் பக்கம் குறைவு. உலகத்துக் கார்களையெல்லாம் ஓட வைத்த வட்டத்தில் அவர்கள் வேர்வையும் இருக்கிறது. நாம் வெளியூர் வந்ததாக அலுத்துக்கொள்ளும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

சரி, எண்களுக்கு வருவோம்.

ஆர் என்றால் என்ன?

டயருக்குள் ரப்பர் மட்டும் இல்லை, நூல் அடுக்குகளும் உண்டு. பழைய டயர்களில் இந்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, பாய் பின்னல் மாதிரி போகும். கிராஸ் பிளை என்பார்கள். டயர் உருளும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். சீக்கிரம் தேயும். 1946-ல் மிஷலின் கம்பெனி புது முறைக்குக் காப்புரிமை வாங்கியது. நூல்களை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போட்டு, தரையில் படும் பகுதிக்குக் கீழே இரும்புக் கம்பிப் பட்டை சுற்றினார்கள். பக்கம் வளையும், அடி வளையாது. 1949-ல் கடைக்கு வந்த இதுதான் ரேடியல். டயரில் இருக்கும் ஆர் அதன் முதலெழுத்து. ரிம் என்பதற்கான ஆர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்!

இந்தியாவில் முதல் டயர் ஆலை 1936-ல் வங்காளத்தில் சாகஞ்சில் டன்லப் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். 1961-ல் டயர் செய்தது. 1977-ல் ஜே.கே. டயர் ரேடியலைக் கொண்டுவந்தது. ஆனாலும் நம் அம்பாசடரும் பத்மினியும் நெடுங்காலம் கிராஸ் பிளையில்தான் ஓடின. அம்பாசடர் டயரில் 5.90-15 என்றுதான் இருக்கும். நடுவில் ஆர் கிடையாது.

80 ஏன் 45 ஆனது?

முதல் எண் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த 80, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 165-ல் 80 சதவீதம் 132 மி.மீ. பழைய டயர்களில் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் இப்படி ஒரு எண்ணே தேவைப்படவில்லை. பந்தய ஓட்டக்காரர்கள்தான் கதையை மாற்றினார்கள். சுவர் குட்டையாக இருந்தால் வளைவில் டயர் நெளியாது, ஸ்டியரிங் சொன்னதை உடனே கேட்கும். பிரெல்லியின் பி7 போன்ற குட்டைச் சுவர் டயர்கள் 1970-களில் பந்தயத்திலிருந்து போர்ஷே மாதிரி வேகக் கார்களுக்கு வந்தன. அங்கிருந்து அந்த அழகு மற்றவர் கண்ணிலும் பட்டது.

ஆனால் அந்தச் சுவர் அழகுக்காக வைத்ததல்ல. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அதுதான். பையனுக்குக் கடைக்காரர் சொன்ன 205/45 ஆர்17-ல் சுவர் 92 மி.மீ. 132 போய் 92. நாலு சென்டிமீட்டர் மெத்தையை எடுத்துவிட்டால், மழைக்காலத்து பூனா ரோட்டுப் பள்ளத்தின் விளிம்பு நேராக ரிம்மில் இடிக்கும். இப்போது எல்லாம் ட்யூப்லெஸ் வேறு. அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனி 1947-ல் அறிமுகப்படுத்தியது. டயரும் ரிம்மும் ஒட்டி உட்காருவதால்தான் காற்று உள்ளே நிற்கிறது. ரிம் நெளிந்தால் காற்று போகும்.

14-ம் ஒரு பிடிவாதமும்

அகலம் மில்லிமீட்டர், ரிம் விட்டம் மட்டும் அங்குலம். ஏன் இந்தக் கலப்படம்? அங்குல ரிம்கள் உலகமெங்கும் நிலைத்துவிட்டன, அவ்வளவுதான். இதை மாற்றப் பார்த்தது சாதாரண ஆளில்லை, மிஷலினே. 1975-ல் டி.ஆர்.எக்ஸ். என்ற டயரை 390 மி.மீ. போன்ற கணக்கில் கொண்டுவந்தார்கள். நல்ல டயர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பெரிய கம்பெனிக் கார்களிலும் வந்தது. ஆனால் அந்த ரிம்மில் வேறு டயர் ஏறாது. டயர் தேய்ந்ததும் சொந்தக்காரர்கள் அதே டயரைத் தேடி அலைந்தார்கள், விலையும் ஏறியது. கடைசியில் பலர் சக்கரத்தையே மாற்றினார்கள்.

புதிதாக வாங்குகிறவருக்கு இதில் பாடம் உண்டு. உங்கள் டயர் அளவு சாதாரணக் கடைகளில் கிடைக்க வேண்டும். ஊருக்குப் போகும் வழியில் சித்ரதுர்காவில் டயர் கிழிந்தால் அந்த ஊரில் அந்த அளவு இருக்குமா என்று யோசித்து வாங்குங்கள்.

85டி: உயிர் இருக்கும் எண்

யாரும் பார்க்காத எண் இதுதான். 85 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோ என்று அட்டவணை சொல்கிறது. 84 என்றால் 500, 88 என்றால் 560. கடைசி எழுத்து வேகம். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை, ஹெச் 210, வி 240. (ஹெச் மட்டும் ஏன் அகர வரிசை தப்பி யு-வுக்கும் வி-க்கும் நடுவில் நிற்கிறது? ஆரம்பத்தில் எஸ், ஹெச், வி என்று மூன்றே வகை. மற்ற எழுத்துகள் பிறகு இடையில் நுழைந்தவை.)

கொட்டேஷனைத் திரும்பப் பாருங்கள். 205/45 ஆர்17 84வி. அகலமான, விலை கூடிய, வேகம் தாங்கும் டயர். ஆனால் வண்டியோடு வந்ததை விட 15 கிலோ குறைவாகத் தாங்கும்! அதே அளவில் 88 போட்ட பலப்படுத்திய டயரும் உண்டு. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை.

15 கிலோவில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். எடையும் காற்றும் சூடும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சாட்சி 2000-ல் அமெரிக்காவில் நடந்தது. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல் பகுதி ஓடும்போதே உரிந்து, வண்டிகள் உருண்டன. அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். டயரில் குறையா, வண்டியில் குறையா, 26 பவுண்டு காற்று போதும் என்று ஃபோர்ட் சொன்னதுதான் குறையா என்று இரண்டு கம்பெனிகளும் சண்டை போட்டன. ஏறக்குறைய நூறு வருஷ உறவு 2001-ல் முறிந்தது. அந்த விபத்துகளால் பிறந்த சட்டத்தினால்தான் காற்று குறைந்தால் விளக்கு எரியும் கருவி அங்கே கட்டாயமானது.

டயர் பிறந்த தேதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2000-லிருந்து நாலு இலக்கம் போடுகிறார்கள். 2318 என்றால் 2018-ஆம் வருஷத்து 23-வது வாரம். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2014-ல் பழைய கார் ஒன்று வாங்கினேன். டயரில் பட்டன் நன்றாக இருந்தது, பளபளவென்று பாலிஷ் வேறு. விற்றவர் "புது டயர் சார்" என்றார், நம்பினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தாவணகெரே தாண்டிப் பின் டயர் வெடித்தது. பின் சீட்டில் மனைவியும் மகளும். வண்டி இரண்டு முறை ஆடிவிட்டு ஓரத்தில் நின்றது. சாமி புண்ணியம், யாருக்கும் ஒன்றும் இல்லை. டயர் மாற்ற வந்த பையன் விலாவைத் துடைத்துக் காட்டினான்: டயருக்கு வயது எட்டு. எட்டு வருஷம் அந்த நாலு இலக்கம் எல்லோர் கண்ணுக்கும் எதிரேதான் இருந்திருக்கிறது.

அழகான சக்கரமும் தோற்ற பந்தயமும்

இனி சக்கரம். மரக்கட்டை, கம்பி ஆரம், இரும்புத் தகடு என்று வந்த வரிசையில் அலாய் வீலைப் பிரபலமாக்கியது புகாட்டி. 1924-ல் பிரான்ஸில் லியோன் பந்தயத்துக்கு டைப் 35 காரை, எட்டு ஆரம் வைத்த அலுமினியச் சக்கரத்தோடு கொண்டுவந்தார்கள். எடை குறைவு, பிரேக் சூடு சீக்கிரம் ஆறும். இன்றைக்கும் பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் அன்றைக்கு என்ன ஆயிற்று தெரியுமா? டயர் சரியாக வல்கனைஸ் ஆகாமல் போனதால் புகாட்டி கார்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. ஜெயித்தது ஆல்ஃபா ரோமியோ. உலகத்தின் அழகான சக்கரம், மோசமான டயரால் தோற்றது.

அலாய் பெயர் வாங்கியது லேசாக இருப்பதால். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளாது. 1966-ல் போர்ஷே 911 எஸ்-க்கு ஃபுக்ஸ் கம்பெனி அடித்து உருவாக்கிய அலுமினியச் சக்கரம் இதற்காகத்தான். ஆனால் 14 இஞ்ச் இரும்பைக் கழற்றிவிட்டு 17 இஞ்ச் மலிவு அலாய் மாட்டினால் எடை கூடவும் செய்யும். எடை பார்த்து வாங்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை. ரிம்மின் மேல் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பான் அரசு அலாய் சக்கரத்துக்கு வகுத்த தர அளவு அது.

போல்ட் ஓட்டைகளின் வட்டத்தை பி.சி.டி. என்கிறார்கள். ஸ்விஃப்டில் நாலு ஓட்டை, 100 மி.மீ. வேறு கார்களில் 114.3 என்று விநோத எண் வரும். அது அமெரிக்காவின் நாலரை அங்குலம், மில்லிமீட்டர் வேஷம் போட்டு வந்திருக்கிறது. 100-க்கு 114.3 ஏறாது. 100-க்கு 98 "ஏறிடும் சார்" என்று சொல்கிறவர் கடையை விட்டு உடனே வெளியே வாருங்கள். நடு ஓட்டையும் வண்டியின் ஹப்போடு சரியாகப் பொருந்த வேண்டும். பெரிதாக இருந்தால் வளையம் போட வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ஈ.டி. என்று போட்டிருப்பது ஜெர்மன் சொல்லின் சுருக்கம். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. இது மிகவும் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும், பேரிங்குக்கு பாரம். கூடினால் உள்ளே உரசும்.

கடைசியில் என்ன முடிவு?

டயரின் மொத்த உயரம் மாறக்கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். கணக்கு சுலபம்: சுவர் இரண்டு பங்கு, கூட ரிம் விட்டம் (அங்குலத்தை 25.4-ஆல் பெருக்குங்கள்).

165/80 ஆர்14: 264 + 355.6 = 619.6 மி.மீ.
205/45 ஆர்17: 184.5 + 431.8 = 616.3 மி.மீ.
185/65 ஆர்15: 240.5 + 381 = 621.5 மி.மீ.

மூன்றாவது, அதே ஸ்விஃப்டின் மேல் வகையான இசட்எக்ஸ்ஐ-க்குக் கம்பெனியே கொடுத்த அளவு. 2 மி.மீ. தான் வித்தியாசம். சுவர் 120 மி.மீ. இருக்கிறது. எடை எண் 88, அதாவது 560 கிலோ. எந்த ஊரிலும் கிடைக்கும். கம்பெனி கொடுத்த அளவு என்பதால் பதிவுப் புத்தகத் தலைவலியும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அலாய் போட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பிரீமியம் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் சக்கரம் திருட்டுப் போனால் க்ளெயிமில் அது வராது.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"15 இஞ்ச்ன்னா பாக்க அவ்வளவு கெத்தா இருக்காதே மாமா."

"தீபாவளிக்கு ஊருக்கு எப்படிப் போற?"

"கார்லதான். திரும்பும்போது அம்மாவைக் கூட்டிட்டு வரப் போறேன்."

திருநெல்வேலியிலிருந்து மதுரை, சேலம், பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர் வழியாக பூனா, 1400 கிலோமீட்டருக்கு மேல். பின் சீட்டில் என் அக்கா. நான் வேறொன்றும் சொல்லவில்லை. 84-ஐயும் 85-ஐயும் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு போனை எடுத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டான். "அண்ணே, 15 இஞ்ச்ல டிசைன் என்ன இருக்கு? டயர் 185/65, லோடு 88. எந்த வாரத்து டயர்னு போட்டோ அனுப்புங்க."

அலாய் வீல் வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லியிருக்கிறேன். தவணையும் பன்னிரண்டு மாதம் ஆறு மாதமாகக் குறைந்தது, அது பேங்க்காரனின் தனி சந்தோஷம்.

நீங்களும் இன்றைக்கு சாயங்காலம் கீழே போய் உங்கள் வண்டி டயரின் விலாவை ஒரு முறை படித்துப் பாருங்கள். முக்கியமாக அந்த நாலு இலக்கத்தை. ஊருக்குப் போகும் வழியில் யாரும் ஓரத்தில் நிற்கக்கூடாது.